சான்று பெயருக்கா, நிரலுக்கா? திறமூல இயக்கிகளும் விண்டோஸின் கையொப்ப விதியும்

2025 மார்ச்சில் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் ஒரு சிறிய கோப்பை ஊடுருவல் கருவி என்று அடையாளமிட்டுத் தடுக்கத் தொடங்கியது. கோப்பின் பெயர் வின்ரிங்0. செயலியின் வெப்பத்தை அளக்கவும் விசிறியின் வேகத்தை மாற்றவும் லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர், ஃபேன் கண்ட்ரோல் போன்ற பயன்பாடுகள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த திறமூல இயக்கி அது. டிஃபெண்டரின் கணிப்பு தவறானதல்ல. சிவிஇ-2020-14979 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அதில் உண்மையாகவே இருந்தது. கணினியில் மிகக் குறைந்த உரிமையோடு ஓடும் நிரல்கூட அந்த இயக்கியின் வழியாக நினைவகத்தின் எந்த மூலையையும் படிக்கலாம், எழுதலாம்.

மூலநிரல் பொதுவெளியில் இருந்தது. ஓட்டையின் வேரும் தெரிந்தே இருந்தது: இயக்கியை யார் திறக்கலாம் என்ற வரையறை அதில் இல்லை. அனுபவமுள்ள நிரலாளருக்கு அதைச் சேர்ப்பது பெரிய வேலையன்று. ஆனால் அப்படித் திருத்தித் தொகுத்த புதிய இயக்கியை இன்றைய விண்டோஸ் ஏற்றாது, ஏனெனில் அதில் கையொப்பம் இராது. ஓட்டையுள்ள பழைய கோப்போ முந்தைய விதிகளின் காலத்தில் கையொப்பம் பெற்றது என்பதால் அதுவரை தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

பாதுகாப்புக்கென்று வந்த விதி, பாதுகாப்பான வடிவத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பழுதுள்ள வடிவத்தை உள்ளே வைத்திருந்தது எப்படி? இயக்கிகளுக்கான டிஜிட்டல் கையொப்பம் உண்மையில் எதற்குச் சான்று தருகிறது? அந்தச் சான்றைப் பெறும் வழியில் திறமூலத் திட்டங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன? இவற்றை விண்டோஸை மையமாக வைத்துப் பரிசீலிக்கிறது இக்கட்டுரை.

விதியின் பிறப்பு

டிரைவர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இயக்கி நிரல்கள், பெரும்பாலும் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலுக்குள் ஓடுபவை. சாதாரணப் பயன்பாடு ஒன்று பழுதானால் அது மட்டும் நின்றுபோகும். இயக்கி பழுதானால் கணினியே நிற்கும். இயக்கி தீயதாக இருந்தாலோ, கணினியின் எந்தக் காவலாலும் அதைத் தடுக்க முடியாது. எனவே கெர்னலுக்குள் எதை அனுமதிப்பது என்ற கேள்வி நியாயமானது, பழையது.

விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு இதற்கு முதன்முதலாகக் கட்டாய விடை தந்தது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த அந்தப் பதிப்பில், கையொப்பமில்லாத இயக்கி ஏறாது. 32 பிட் பதிப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அக்காலத்து நடைமுறை குறுக்குச் சான்று எனப்பட்டது. வெரிசைன், குளோபல்சைன் போன்ற சான்றளிப்பு நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் ஓர் உறுதியை வழங்கும். அந்நிறுவனங்கள் இயக்கி எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்த்துச் சான்றிதழ் விற்கும். எழுதுபவர் தன் தனித்திறவுகோலால் தானே கையொப்பமிடுவார். மைக்ரோசாஃப்ட் அந்த இயக்கியைப் பார்ப்பதுகூட இல்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. வருமானவரிக்கும் ஜிஎஸ்டிக்கும் நாம் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் இதற்கும் கணித அடிப்படை ஒன்றே. ஆனால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தருவது. நம்பிக்கைச் சங்கிலி வேறு என்பதால் அந்தக் கையொப்பத்தால் எந்த இயக்கியையும் ஏற்ற முடியாது. யாருடைய கையொப்பம் செல்லும் என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. இயங்குதளத்தின் உரிமையாளர் தீர்மானிக்கிறார்.

இரண்டு வாசிப்புகள்

விதி வந்த நாளிலிருந்தே அதன் நோக்கம் குறித்து இரண்டு வாசிப்புகள் உண்டு.

முதலாவது மைக்ரோசாஃப்டின் வாசிப்பு. கெர்னலுக்குள் ஒளிந்து தங்கும் ரூட்கிட் வகைத் தீங்குநிரல்கள் அப்போது பெருகிவந்தன. கையொப்பம் இரண்டை உறுதிசெய்யும்: கோப்பு வழியில் மாற்றப்படவில்லை, அதை வெளியிட்டவர் இன்னார். தீங்கு நேர்ந்தால் ஆளைப் பிடிக்கலாம், சான்றிதழை ரத்து செய்யலாம்.

இரண்டாவது, விமர்சகர்களின் வாசிப்பு. நியூசிலாந்தின் குறியாக்கவியலாளர் பீட்டர் குட்மன் 2006 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை, விஸ்டாவின் பல மாற்றங்கள் திரைப்பட, இசை நிறுவனங்களின் உள்ளடக்கத்தைக் காக்கவே வந்தவை என்று வாதிட்டது. இந்த ஐயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கையொப்பமில்லாத கெர்னல் நிரல் ஏற்றப்பட்டிருந்தால் பாதுகாக்கப்பட்ட படங்களும் இசையும் ஓடாமற்போகலாம் என்பது விஸ்டாவின் வடிவமைப்பிலேயே இருந்தது. மேலும் 2005 இறுதியில் மென்பொருள் வல்லுநர் மார்க் ருசினோவிச் அம்பலப்படுத்திய சோனி பிஎம்ஜி ரூட்கிட், இசைத்தட்டுகளை நகலெடுப்பதைத் தடுக்க ஒரு பெருநிறுவனமே கணினிகளுக்குள் புகுத்தியது. சான்றிதழ் வாங்கும் வசதியும் சட்டப்பூர்வ அடையாளமும் முழுமையாகக் கொண்ட நிறுவனம் அது. கையொப்ப விதி அன்றே இருந்திருந்தாலும் அந்த ரூட்கிட்டுக்குக் கையொப்பம் கிடைத்திருக்கும்.

இரண்டு வாசிப்புகளும் விதியின் நோக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. நோக்கம் எதுவானாலும் விதியின் செயல்முறை சரிபார்ப்பது ஒன்றைத்தான்: வெளியிடுபவரின் சட்டப் பெயர். நிரல் என்ன செய்கிறது என்பது சரிபார்ப்புக்குள் வரவேயில்லை. திறமூலத்தின் சிக்கல் முழுவதும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. திறமூலம் தன் நம்பகத்துக்குக் காட்டும் ஆதாரம் நிரலே. அந்த ஆதாரத்தை வைக்க இம்முறையில் இடமில்லை.

வாயில் குறுகிய விதம்

குறுக்குச் சான்று முறையில் சிறிய திட்டங்கள் எப்படியோ சமாளித்தன. குறிப்பிடத்தக்க முயற்சி ரியாக்ட்ஓஎஸ் அறக்கட்டளையுடையது. விண்டோஸோடு ஒத்தியங்கும் திறமூல இயங்குதளத்தை உருவாக்கிவரும் அந்த அமைப்பு, தனக்கென்று வாங்கிய சான்றிதழால் பிற திறமூலத் திட்டங்களின் இயக்கிகளுக்கும் கையொப்பமிட முன்வந்தது. மூலநிரல் திறந்திருக்க வேண்டும், தொகுப்பைத் தங்கள் தரப்பிலேயே செய்வோம் என்பது அதன் சாரம். எளிய ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் விற்ற எந்த நிறுவனமும் கேட்காத கேள்வியை, இந்தக் கோப்பு இந்த மூலநிரலிலிருந்துதான் வந்ததா என்ற கேள்வியை, அது கேட்டது.

பிறகு விண்டோஸ் 10 வந்தது. 2016 ஆகஸ்டில் வெளியான 1607 பதிப்பிலிருந்து புதிய கெர்னல் இயக்கிகளுக்கு மைக்ரோசாஃப்டே கையொப்பமிட வேண்டும் என்றானது. அதற்கு மைக்ரோசாஃப்டின் வன்பொருள் வலைவாயிலில் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஈவி எனப்படும் விரிந்த சரிபார்ப்புச் சான்றிதழ் வேண்டும். அது ஆண்டுக்குச் சில நூறு டாலர் விலை. விலையைவிடக் கடினமானது தகுதி: பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே அது கிடைக்கும், தனிநபருக்குக் கிடையாது. திறவுகோல் தனி வன்பொருளில் இருக்க வேண்டும். குறுக்குச் சான்றுகளில் பெரும்பாலானவை 2021இல் காலாவதியாகிப் பழைய வழியும் ஏறக்குறைய அடைபட்டது. 2023 ஜூன் 1 முதல் சாதாரணக் கையொப்பச் சான்றிதழ்களின் திறவுகோல்களும் வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சான்றளிப்பு நிறுவனங்களின் மன்றம் விதித்தது.

விதிவிலக்குகள் மூன்று விடப்பட்டன. பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினி, தொடக்கத்திலேயே கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் அணைக்கப்பட்ட கணினி, 2015 ஜூலை 29க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் கையொப்பமிட்ட இயக்கி. இந்த மூன்றில்தான் திறமூலத் திட்டங்கள் சில ஒண்டிக்கொண்டன. லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையை விண்டோஸுக்குக் கொண்டுவரும் வின்பிடிஆர்எஃப்எஸ் இயக்கியின் கையேடு, செக்யூர் பூட் இயங்கும் விண்டோஸ் 10 கணினியில் ரெஜிஸ்ட்ரியின் ஒரு மதிப்பை மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறது. அந்த மதிப்பு, கணினி பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தப்பட்டது என்று கெர்னலுக்குச் சொல்கிறது. நேர்மையான திட்டம் ஒன்று தன் பயனரைப் பொய்த்தகவல் பதியச் சொல்ல வேண்டிய நிலைக்கு விதி தள்ளியிருக்கிறது.

பயன் அளித்ததா?

இந்தக் கெடுபிடிகளுக்கு ஈடாகப் பாதுகாப்பு கிடைத்திருந்தால் வாதம் வேறாக இருக்கும். சான்றுகளை வரிசைப்படி பார்ப்போம்.

2007 ஜூலையில் லிஞ்ச்பின் லேப்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அட்சிவ் என்ற கருவியை வெளியிட்டது. முறையாகக் கையொப்பம் பெற்ற இயக்கி ஒன்று, கையொப்பமில்லாத மற்ற இயக்கிகளை ஏற்றித் தந்தது. சான்றிதழ் விரைவில் ரத்தானது. அதே ஆண்டு ஆகஸ்டில் அலெக்ஸ் அயனெஸ்கு பர்ப்பிள் பில் என்ற கருவியை வெளியிட்டு உடனே திரும்பப் பெற்றார். அதற்குச் சற்றுமுன்வரை ரியாக்ட்ஓஎஸ் கெர்னலின் முதன்மை உருவாக்குநராக இருந்தவர் அவர். அவர் புதிதாகக் கையொப்பம் எதுவும் பெறவில்லை. ஏடிஐ நிறுவனத்தின் முறையான இயக்கியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தினார். ஓட்டையுள்ள வரைகலை இயக்கிகளைப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்காவும் அதே ஆண்டில் எடுத்துக்காட்டியிருந்தார். ஏடிஐயின் இயக்கி லட்சக்கணக்கான கணினிகளில் இருந்தது. அதன் சான்றிதழை ரத்து செய்தால் அத்தனை திரைகளும் பாதிக்கப்படும். பெரிய நிறுவனத்தின் பிழைக்கும் சிறிய நிறுவனத்தின் செயலுக்கும் ஒரே தண்டனையை வழங்க முடியாத கட்டமைப்பு இது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்குநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரு தைவான் நிறுவனங்களின் திருடப்பட்ட திறவுகோல்களால் கையொப்பமிட்ட இயக்கிகளோடு வந்தது. பெயர் உண்மை, செயல் வேறொருவருடையது.

மைக்ரோசாஃப்டே கையொப்பமிடத் தொடங்கிய பின் நிலை மாறியிருக்க வேண்டும். ஆனால் 2021 ஜூனில் நெட்ஃபில்டர் என்ற ரூட்கிட் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு உலவியதை ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனம் கண்டது. 2022 டிசம்பரில், வைரஸ் எதிர்ப்பு நிரல்களைக் கொல்லும் இயக்கிகள் அதே வலைவாயில் வழியாகக் கையொப்பம் பெற்றிருந்ததை மேண்டியன்ட், சென்டினல்ஒன், சோஃபோஸ் ஆகியவை வெளியிட்டன. மைக்ரோசாஃப்ட் சில கணக்குகளை முடக்கியது. பதிவுபெற்ற நிறுவனம் என்ற வடிகட்டியைத் தாண்டக் குற்றக் கும்பலிடம் பணம் இருந்தது. தன்னார்வலரிடம்தான் அது இல்லை.

திறமூலத் தரப்புக்குச் சங்கடமான சான்று ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 2015 ஜூலை விதிவிலக்கைக் குற்றவாளிகள் பயன்படுத்திய விதத்தை 2023 ஜூலையில் சிஸ்கோ டாலோஸ் குழு விளக்கியது. பழைய சான்றிதழ்களால் புதிதாகக் கையொப்பமிட்டுத் தேதியைப் பின்னோக்கித் தள்ளிக் காட்டும் கருவிகள் கையாளப்பட்டன. அக்கருவிகளும் திறமூலமாக வெளியானவைதான். திறந்திருப்பது என்பதே நல்லெண்ணத்துக்குச் சான்றாகிவிடாது. நிரல் திறந்திருந்தால் அதைச் சரிபார்க்க முடியும், அவ்வளவே.

அந்த 'அவ்வளவே' எவ்வளவு பெரியது என்பதற்கு ட்ரூகிரிப்ட் சாட்சி. வட்டுக் குறியாக்க மென்பொருளான அதன் உரிமம் திறமூல வரையறைக்குள் முழுமையாக அடங்கவில்லை என்றாலும் மூலநிரல் எல்லோருக்கும் கிடைத்தது. எழுதியவர்கள் யார் என்று வெளியுலகுக்குத் தெரியாது. அதன் இயக்கியில் ட்ரூகிரிப்ட் அறக்கட்டளை என்ற பெயரில் முறையான கையொப்பம் இருந்தது. அந்தப் பெயரால் பயனர் தெரிந்துகொண்டது எதுவுமில்லை. அமெரிக்க உளவுக் கண்காணிப்பு குறித்த ஸ்னோடென் வெளியீடுகளுக்குப் பிந்தைய ஐயங்களின் நடுவே, 2013இல் மான்ட்ரியாலின் கன்கோர்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 7.1ஏ பதிப்பின் மூலநிரலைத் தானே தொகுத்து, வெளியிடப்பட்ட கோப்போடு ஒப்பிட்டார். நேரக் குறிப்பு, கையொப்பம் போன்ற எதிர்பார்த்த வேறுபாடுகளைத் தவிர இரண்டும் ஒத்திருந்தன. தொடர்ந்து 2014, 2015 ஆண்டுகளில் நடந்த தணிக்கைகள் சில பலவீனங்களைச் சுட்டின, பின்கதவு எதையும் காணவில்லை. நம்பிக்கை இங்கே ஒப்பீட்டிலிருந்தும் தணிக்கையிலிருந்தும் வந்தது. கையொப்பத்தின் பங்கு, விண்டோஸ் அதை ஏற்றுவதற்கு அனுமதி பெற்றுத் தந்தது மட்டுமே.

திட்டங்கள் கண்டுகொண்ட வழிகள்

வாயில் குறுகியபோது திறமூலத் திட்டங்கள் பல திசைகளில் பிரிந்தன. நிறுவனமாக மாறியவை சில. விபிஎன் மென்பொருளான வயர்கார்டு தன் விண்டோஸ் இயக்கிகளை நிறுவனப் பெயரில் மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தோடு வெளியிடுகிறது. அதன் வின்டன் இயக்கியின் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்க, கையொப்பமிட்டுத் தொகுத்த கோப்புக்கு மட்டும் வேறொரு உரிமம் உண்டு. மூலநிரலை யாரும் மாற்றலாம், ஆனால் மாற்றியதை விண்டோஸ் ஏற்றாது. கையொப்பமிட்ட கோப்பை விண்டோஸ் ஏற்றும், ஆனால் அதை மாற்றக் கூடாது. கோப்பு முறை இயக்கியான வின்எஃப்எஸ்பி போன்றவை வணிக உரிமமும் விற்று நிற்கின்றன. மெய்நிகர் கணினிகளுக்கான விர்ட்ஐஓ இயக்கிகளின் நிரல் ஒன்றே; மைக்ரோசாஃப்டின் முழுச் சோதனையில் தேறிய வடிவம் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் சந்தாதாரர்களுக்கு.

கெர்னலையே தவிர்த்தவை வேறு சில. யுஎஸ்பி சாதனங்களுக்கான லிப்டபிள்யுடிஐ, மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே கையொப்பமிட்ட வின்யுஎஸ்பி இயக்கியைச் சாதனத்தோடு இணைத்துவிடுகிறது. நிறுவல் தகவல் கோப்புக்கான சான்றிதழைப் பயனரின் கணினியிலேயே உருவாக்கிக் கையொப்பமிட்டு, திறவுகோலை அப்போதே அழிக்கிறது. நேர்த்தியான வழி, ஆனால் விசிறிக்கும் கோப்பு முறைக்கும் இது உதவாது.

வின்ரிங்0 விட்ட இடத்தைப் பான்ஐஓ நிரப்பியது. கையொப்பம் பெற்ற ஒரே இயக்கி, அதற்குள் வரையறுக்கப்பட்ட வேலைகளை மட்டும் செய்யும் சிறு நிரல்கூறுகள். பாதுகாப்பு நோக்கில் வின்ரிங்0வைவிட இது பலமடங்கு மேலான வடிவமைப்பு. லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் இதற்கு மாறிவிட்டது. ஆனால் பான்ஐஓவின் அதிகாரபூர்வ பதிப்பு ஏற்றுவது, அதன் உருவாக்குநர் தரப்பில் கையொப்பமிட்ட நிரல்கூறுகளையே. வாயில் ஒரு படி உள்ளே நகர்ந்திருக்கிறது.

எதுவும் முடியாதவர்களுக்குச் சோதனை நிலை இருக்கிறது. திரையின் வலது கீழ்மூலையில் எச்சரிக்கை எழுத்து நிற்கும், செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், கணினி முழுவதற்கும் காவல் தளரும். ஒரே ஓர் இயக்கியை நம்ப விரும்பும் பயனரிடம், எல்லா இயக்கிகளையும் நம்பு என்று கேட்கும் ஏற்பாடு அது.

திறவுகோல் யாரிடம்?

லினக்ஸும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 கெர்னலில் நிரல்கூறுகளுக்கான கையொப்பச் சரிபார்ப்பு இணைந்தது. அதே ஆண்டில் விண்டோஸ் 8 கணினிகள் செக்யூர் பூட்டோடு வந்தபோது, மைக்ரோசாஃப்டின் கையொப்பமின்றி லினக்ஸே தொடங்காத நிலை எழுந்தது. அப்போது ரெட் ஹாட்டில் இருந்த மேத்யூ கேரட், ஃபெடோரா லினக்ஸ் 99 டாலர் கட்டி அந்தக் கையொப்பத்தைப் பெறும் என்று அறிவித்தார். கடும் கண்டனங்கள் எழுந்தன. ஆனால் அவ்வழியில் உருவான ஷிம் என்ற சிறு தொடக்க நிரலோடு கணினி உரிமையாளரின் திறவுகோல் என்ற ஏற்பாடும் வந்தது. உபுண்டுவில் வெளியார் இயக்கியொன்றை நிறுவினால், கணினி தனக்கென்று ஒரு திறவுகோலை உருவாக்கி ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். மறுதொடக்கத்தில், இயங்குதளம் விழிக்கும் முன், நீலத் திரையில் அந்தக் கடவுச்சொல்லைக் கையால் தட்டினால்தான் திறவுகோல் பதிவாகும். ஊடுருவிய தீங்குநிரலால் அந்தத் திரையின் முன் உட்கார முடியாது. காவலும் குறையவில்லை, உரிமையாளரும் வெளியே நிறுத்தப்படவில்லை.

விண்டோஸின் கட்டமைப்பில் இது சாத்தியமில்லை என்று சொல்ல வழியில்லை. விண்டோஸின் உள்ளமைப்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஜெஃப் சாப்பல், விண்டோஸ் 10 கெர்னலுக்குள் வாடிக்கையாளரே தன் இயக்கிக் கையொப்பதாரரை நியமிக்கும் வசதி எழுதப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். உரிமத்தின் மதிப்பு ஒன்று அதைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. சீன அரசுக்கான பதிப்பில் அது திறந்திருக்கிறது. வீட்டுக் கணினியின் உரிமையாளருக்கு மூடியிருக்கிறது.

இதற்கு எதிரான வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடவுச்சொல்லைத் தட்டுவது தீங்குநிரலால் ஆகாது, ஆனால் ஏமாற்றப்பட்ட மனிதரால் ஆகும். விளையாட்டில் குறுக்குவழி தருவதாகச் சொல்லும் கோப்புக்காகப் பாதுகாப்பை அணைக்கும் பயனர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பயனர் இன்றும் சோதனை நிலைக்குப் போகலாம். இன்றைய ஏற்பாட்டைவிட ஒரே ஒரு திறவுகோலை ஏற்கும் வழி அவருக்குக் குறைந்த ஆபத்து என்பதே என் கணிப்பு.

பொதுக் கையொப்பத்துக்கு மீள்வது

உரிமையாளர் திறவுகோலை மைக்ரோசாஃப்ட் திறந்துவிடும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. ரியாக்ட்ஓஎஸ் முயன்ற வடிவத்தைப் புதிய விதிகளுக்குள் மீட்டெடுப்பது அது. சாதாரணப் பயன்பாடுகளுக்கு இதை ஆஸ்திரியாவின் சைன்பாத் சார்ந்த அறக்கட்டளை ஏற்கெனவே செய்கிறது: கோப்பு பொதுக் களஞ்சியத்தின் மூலநிரலிலிருந்து தானியங்கியாகத் தொகுக்கப்பட்டது என்று சரிபார்த்துத் தன் பெயரில் இலவசமாகக் கையொப்பமிடுகிறது. 2013இலிருந்து டெபியன் குழுவினர் வளர்த்தெடுத்த மறுதொகுப்பு முறைகளும் முதிர்ந்திருக்கின்றன. ஒரே மூலநிரலைப் பலர் தொகுத்து ஒரே கோப்பைப் பெற முடிந்தால், கையொப்பமிடும் அமைப்பையும் வெளியார் தணிக்கை செய்யலாம்.

இயக்கிகளுக்கு இந்த வடிவம் இன்று இல்லாததற்குப் பணம் மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. பல திட்டங்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு, அவற்றில் எது ஒன்றின் பிழைக்கும் தன் கணக்கையே பணயம் வைக்கிறது. 2007இல் அட்சிவின் சான்றிதழ் ரத்தானது. 2022இல் கணக்குகளே முடங்கின. இருபது திட்டங்கள் ஒரு கணக்கின் கீழ் இருந்தால், ஒன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும் நாளில் பத்தொன்பதும் அதனோடு விழக்கூடும். திறமூல இயக்கிகளில் ஓட்டைகள் வெளிப்படையாகவே கண்டுபிடிக்கப்படும், வெளிப்படையாகவே பதிவாகும். எனவே அந்த நாள் வந்தே தீரும்.

இந்தக் கூட்டுத் தண்டனைக்குத் தொழில்நுட்பக் கட்டாயம் இன்று இல்லை. ஓட்டையுள்ள இயக்கிகளின் தடைப்பட்டியல் விண்டோஸ் 11இன் 2022 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. சான்றிதழைத் தொடாமல், கோப்பின் ஹேஷ் மதிப்பையோ பெயரையும் பதிப்பெண்ணையுமோ கொண்டு தனியொரு கோப்பை மட்டும் விலக்க அதனால் முடியும். வணிக நிறுவனங்களின் பழுதான இயக்கிகள் அப்படித்தான் விலக்கப்படுகின்றன; அந்நிறுவனங்களின் மற்ற இயக்கிகள் தொடர்ந்து ஓடுகின்றன. மூலநிரலிலிருந்து சரிபார்த்துத் தொகுக்கும் ஒரு பொது அமைப்புக்கும் இதே நடைமுறை பொருந்தும் என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் உறுதியளித்தால், பிழை செய்த இயக்கி மட்டும் விலகும், திருத்திய பதிப்பு அதே கணக்கில் மறுவாரம் கையொப்பம் பெறும். வின்ரிங்0வுக்கு 2020இல் தேவைப்பட்டது அந்த ஒரு வழிதான்.